சேரும் மடிசனும்

இலங்கையில் உயர்தரத்தில் அரசறிவியல் எடுத்தவர்களுக்கு அந்தப் பாடத்திட்டம் ஞாபகமிருக்கும். பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து என்று வரிசையாக அரசியலமைப்புகள். வலுவேறாக்கம் (அதிகாரத்தைப் பிரித்துவைப்பது), தடைகளும் சமன்பாடுகளும் (ஒன்றை ஒன்று கட்டுப்படுத்துவது), காங்கிரசின் இரண்டு சபைகள் என்று பாடமாக்கிக்கொண்டு போய்ப் பரீட்சையில் எழுதிவிட்டு வருவதுதான் வழக்கம். எங்களுக்குப் படிப்பித்த சேர் மட்டும் அமெரிக்கா வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார். வாஷிங்டனையும் ஜெபர்சனையும் இரண்டு வசனத்தில் முடித்துக்கொண்டு, நாலாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மடிசனிடம் வந்து நின்றுவிடுவார்.

“ஐஞ்சடி நாலங்குலம்தான் ஆள். பின்வாங்கில இருக்கிறவனுக்குக் குரல் கேக்காது. ஆனா அந்த மண்டபத்துக்கு அவரளவுக்குப் படிச்சுக்கொண்டு வந்த ஆள் ஒருத்தரும் இல்லை.”

அந்த மண்டபம் பிலடெல்பியாவில் இருக்கிறது. 1787 மே முதல் செப்டெம்பர் வரை அமெரிக்க அரசியலமைப்பை அங்கேதான் இருந்து வரைந்தார்கள். அதற்கு முதல் வருடமே மடிசன் வேர்ஜீனியாவில் உள்ள தன் வீட்டு நூலகத்தில் உட்கார்ந்து, பழைய கிரேக்கக் கூட்டணிகளில் இருந்து சுவிற்சர்லாந்து, ஒல்லாந்துக் கூட்டாட்சிகள் வரைக்கும் ஒவ்வொன்றும் ஏன் உடைந்தது, எங்கே பலவீனப்பட்டது என்று வாசித்துக் குறிப்பெடுத்தார். புத்தகங்களைப் பாரிசில் தூதுவராக இருந்த ஜெபர்சன் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தார். மாநாட்டிலும் மடிசன் முன்வரிசையில் இருந்து, யார் என்ன பேசினார் என்று நாள் தவறாமல் எழுதினார். அவர் 1836இல் இறந்து நாலு வருடம் கழித்துத்தான் அந்தக் குறிப்புகள் அச்சில் வந்தன. “நோட்ஸ் எடுக்கிறதெண்டா அப்பிடி எடுக்க வேணும்” என்று சேர் எங்கள் கொப்பிகளைப் பார்த்துச் சொல்லுவார்.

ஆனால் அவர் மடிசனிடம் நின்றதற்குக் காரணம் வேறு. புதிய அரசியலமைப்பு யாப்பை ஆதரித்து ஹமில்டன், மடிசன், ஜே மூவரும் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் பத்திரிகைகளில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். அவற்றில் பத்தாவது மடிசனுடையது. 1787 நவம்பரில் வந்தது. அரசனைத் துரத்திவிட்டோம், இனி மக்கள் ஆட்சிதான், கொடுமை போய்விட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம். மடிசன் அப்படி நினைக்கவில்லை. தன்னுடைய வேர்ஜீனியாவிலேயே, அரசு ஆதரித்த திருச்சபையைச் சேராத பப்டிஸ்ற் போதகர்களைச் சிறையில் போட்டதை இளம் வயதில் கண்டு கொதித்தவர் அவர். மக்கள் ஆளும் நாட்டில் அதிகாரம் பெரும்பான்மையிடம் இருக்கும். ஆகவே ஆபத்தும் அங்கிருந்துதான் வரும் என்றார்.

அதற்கு அவர் சொன்ன மருந்தை சேர் கரும்பலகையில் கீறிக் காட்டினார். வெண்கட்டியால் முதலில் ஒரு சின்ன வட்டம். அதை நடுவே பிரித்து ஒரு பக்கம் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக. பக்கத்திலே பலகையின் விளிம்பு வரைக்கும் ஒரு பெரிய வட்டம். அதற்குள் இருபது முப்பது துண்டு. குடியரசு என்றால் சின்னதாக இருந்தால்தான் நிலைக்கும் என்பது அதுவரை பெரிய அறிஞர்கள் சொல்லிவந்தது. மடிசன் அதைத் தலைகீழாகத் திருப்பினார். சின்ன இடத்தில் ஒரு கூட்டம் லேசாகப் பெரும்பான்மையாகிவிடும், மற்றவனை நெரிக்கும். பரந்த நாட்டில் மதங்களும் தொழில்களும் நலன்களும் அத்தனை இருப்பதால், எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஒருவனை ஒடுக்குவது கடினம்.

அன்றைக்கு அந்தச் சின்ன வட்டத்தை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது சேர் கேட்ட கேள்வி: “சோல்பரி யாப்பின்ர 29ஆம் பிரிவு என்ன சொல்லுது?”

சோல்பரி யாப்பு என்பது சுதந்திர இலங்கையின் முதல் அரசியலமைப்பு. அந்தப் பிரிவு எல்லோருக்கும் தெரியும். ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமான சட்டம் எதையும் பாராளுமன்றம் இயற்ற முடியாது. அந்தப் பிரிவு யாப்பில் இருக்கும்போதே 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1972இல் புதிய யாப்பு வந்தபோது பிரிவே இல்லை. பிறகு சேர், மடிசன் 1788இல் ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் இருந்து ஒரு வரி சொன்னார். உரிமைகளைத் தாளில் எழுதி வேலி போடுகிறோம், ஆனால் எல்லா மாநிலத்திலும் அடக்கியாளும் பெரும்பான்மை அந்த வேலியைத் திரும்பத் திரும்பத் தாண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். ஒரு அமெரிக்கனுக்கு இது வெறும் வரலாறாக இருக்கலாம். எங்கள் வகுப்பில் யாருக்கும் அப்படி இருக்கவில்லை.

இங்கே அமெரிக்காவில் குடிவந்த பிறகுதான் மடிசனுடைய மொன்ற்பீலியர் வீட்டுக்குப் போனேன். வாஷிங்டனில் இருந்து காரில் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். மாடியில் அந்த நூலக அறை. யன்னலுக்கு நேரே மேற்கில் புளூ ரிட்ஜ் மலைத்தொடர். அதைப் பார்த்துவிட்டுக் கீழே நிலவறைக்கு இறங்கினால், அந்தத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் கதையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். செங்கல் ஒன்றில் விரல் அடையாளம்: ஈரக் கல்லைத் தூக்கிவைத்த ஒரு அடிமைப் பிள்ளையுடையது. அந்தக் கண்காட்சியின் பெயரே மடிசன் 1787இல் மாநாட்டில் பேசிய பேச்சில் இருந்து எடுத்ததுதான். ‘வெறும் நிற வேற்றுமை’யைக் காரணமாக வைத்து, மனிதன் மனிதனை ஆண்ட மிகக் கொடிய ஆட்சி நடப்பதைக் கண்டோம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சொன்னவர் நூறுக்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். சாகும்போதும் உயிலில் அவர்களை விடுவிக்கவில்லை. அவருடைய மரணப் படுக்கை அருகே நின்ற, போல் ஜெனிங்ஸ் (Paul Jennings) என்ற அடிமைப் பணியாள் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து, 1847இல் செனற்றர் டானியல் வெப்ஸ்ரர் கொடுத்த 120 டொலரை உழைத்துக் கழிக்கும் உடன்பாட்டில் விடுதலையானார். வெள்ளை மாளிகை வாழ்க்கையைப் பற்றி முதலில் நினைவுக் குறிப்பு எழுதியவர் அவர்தான்.

இதை மடிசனின் சொந்த வாழ்க்கைக் குறை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவருடைய கோட்பாடே அந்த இடத்தில்தான் உடைகிறது. இன்று ஒரு விடயத்துக்கு ஒரு கூட்டணி, நாளைக்கு இன்னொன்றுக்கு வேறு கூட்டணி என்று பெரும்பான்மை மாறிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பெரிய வட்டம் வேலை செய்யும். நிறத்தாலோ இனத்தாலோ மொழியாலோ கோடு நிரந்தரமாகக் கீறப்பட்டுவிட்டால், நாடு எவ்வளவு பெரிதானாலும் உள்ளே இரண்டே துண்டுதான். அமெரிக்கத் தெற்கில் நடந்தது அது. எங்கள் நாட்டிலும் அதுதான்.

அவருக்கே இதில் பாதி விளங்கியிருந்தது என்று நினைக்கிறேன். 1789இல் உரிமைகள் சட்டமூலத்தைக் காங்கிரசில் முன்வைத்தபோது, மத்திய அரசோடு நிற்காமல், எந்த மாநிலமும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குற்ற வழக்குகளில் யூரர் விசாரணையையும் மீறக்கூடாது என்று ஒரு திருத்தம் சேர்த்திருந்தார். முழுப் பட்டியலிலும் பெறுமதியானது இதுதான் என்று வாதாடினார். கீழ்ச்சபை ஏற்றது, செனற் தள்ளிவிட்டது. 1791இல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறியபோது அது அவற்றில் இல்லை. உள்நாட்டு யுத்தம் முடிந்து, 1868இல் பதினான்காம் திருத்தம் வந்த பிறகுதான் மாநிலங்களைக் கட்டுப்படுத்த ஒரு பிடி கிடைத்தது. அதையும் உயர் நீதிமன்றம் இருபதாம் நூற்றாண்டில்தான் ஒவ்வொன்றாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்தத் தள்ளிவிட்ட திருத்தம் எங்கள் பாடத்திட்டத்தில் இருந்ததாக நினைவில்லை. சேர் இருந்திருந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். இப்போது கல்லூரியில் அரசறிவியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் யாராவது இந்த மலரைப் பார்த்தால், மடிசனையும் பதினான்காம் திருத்தத்தையும் ஒரே பாடத்தில் வைத்துப் படிப்பியுங்கள். போல் ஜெனிங்ஸின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.