கயிறு யார் கையில் இருக்கிறது? ‘டாப்காபி’ (1964)

இஸ்தான்புல்லின் டாப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் பிடியில் மூன்று பெரிய மரகதங்கள் பதித்த கத்தி ஒன்று இருக்கிறது. சுல்தான் முதலாம் மஹ்மூத் பாரசீக மன்னன் நாதிர் ஷாவுக்கு அனுப்பிய பரிசு. போய்ச் சேர்வதற்குள், 1747-ல் ஷாவைக் கொன்றுவிட்டார்கள். கத்தி ஊர் திரும்பிவிட்டது. ஜூல்ஸ் டாஸ்ஸின் இயக்கிய ‘டாப்காபி’ படத்தில் வெளிநாட்டுக் கும்பல் தூக்க வருவது இதைத்தான்.

திட்டம் போடும் ஹார்ப்பர் கைதேர்ந்த திருடர்களைச் சேர்ப்பதில்லை. போலீஸ் ஏட்டில் பெயரே இல்லாத ஆட்கள்தான் வேண்டும். நல்ல யோசனைதான், ஆனால் சொதப்பலும் அங்கேதான் தொடங்குகிறது. துப்பாக்கி ஒளித்த காரை கிரீஸிலிருந்து எல்லை தாண்டி ஓட்டிவர, சிம்சன் என்ற சில்லறை ஏமாற்றுக்காரனைப் பிடிக்கிறார்கள். அவனுடைய பாஸ்போர்ட் காலாவதி! சோதனையில் துப்பாக்கி சிக்க, துருக்கிப் போலீஸ் அவனையே உளவாளியாக்கிக் கும்பலிடம் அனுப்புகிறது.

கத்தி இருக்கும் அறையின் தரையில் சிறு எடை விழுந்தாலும் அலாரம் அடிக்கும். அதனால் கூரை ஏறி, மேல் ஜன்னல் வழியாக ஒருவனைக் கயிற்றில் தலைகீழாக இறக்க வேண்டும். அவன் கால் தரையில் படாமல் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி, அசலை எடுத்துப் போலியை வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரம் மேலே கயிறு பிடிப்பவனின் கை. அந்தப் பலசாலியின் கைதான் கதவில் நசுங்குகிறது. அந்த இடத்துக்கு வருபவன் சிம்சன். உயரம் என்றாலே நடுங்குகிறவன்.

பீட்டர் உஸ்தினோவுக்குத் துணை நடிகர் ஆஸ்கர் வாங்கித் தந்த பாத்திரம் இது. கூரையில் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். வியர்வை வழிகிறது, துடைக்க வழியில்லை, இரண்டு கையும் கயிற்றில். அநேகமாகப் பேச்சே இல்லாத காட்சி. சிரிப்பும் பதைப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. டாஸ்ஸின் 1955-லேயே ‘ரிஃபிஃபி’ படத்தில் அரை மணி நேரத் திருட்டை வசனமும் இசையும் இல்லாமல் எடுத்தவர். அங்கே அலாரத்தை அடைக்கத் தீயணைப்பு நுரை. இங்கே அலாரத்தைத் தொடாமலே தப்பும் வழி.

(முடிவு தெரிய வேண்டாம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) தரையை யாரும் தொடவில்லை, போலியும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் திறந்த ஜன்னல் வழியே ஒரு சின்னப் பறவை உள்ளே புகுந்துவிடுகிறது. ஆட்கள் போன பிறகு அது தரையில் வந்து உட்காருகிறது.