புயல் ஓய்ந்த மறுநாள் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் ஏறுவோருக்கு

2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் பெய்த பனி, தென்னாப்பிரிக்காவில் டர்பனையும் ஜோகனஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையை வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் மூடிவிட்டது. பலர் வண்டிகளுக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. சாலையில் நடந்ததை நம்மவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அதே பனி மலைச்சரிவில் என்ன செய்கிறது என்று பேசுவோர் குறைவு. பனிச் செய்தி வந்ததும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு மலையடிவாரத்து அண்டர்பர்க் பக்கம் கிளம்புவோர் சாலையோரத்தில் பனியுருண்டை எறிந்து விளையாடட்டும், தவறில்லை. மேலே ஏறுவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஐரோப்பியக் கையேடுகளைப் படித்துவிட்டு வருவோர் முதலில் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே வெயில் படாதது வடக்குச் சரிவு. இங்கே தெற்குச் சரிவு. தெற்கு நோக்கிய ஓடைப்பள்ளங்களில் பழைய பனி வெகுநாள் கரையாமல் கிடக்கும். 3,000 மீட்டர் உயரத்தில், மேகமற்ற இரவுகளில் அதன் மேற்பரப்பு கடுமையாகக் குளிர்ந்துவிட, அடியிலுள்ள தரை அதைவிட வெதுவெதுப்பாகவே இருப்பதால், நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து அடிப்பனியை ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை மணிகளைப் போல மாற்றிவிடுகிறது. அள்ளிப் பார்த்தால் விரலிடுக்கில் பொலபொலவென உதிரும். உருண்டை பிடிக்க வராது.

புதுப் புயலின் சுமை ஏறுவது இந்த அடுக்கின்மேல்தான். புயலைக் கொண்டுவரும் குளிர்காற்றின் முகப்பு கடந்தபின் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று, மலைத்தொடருக்கு மேற்கேயுள்ள லெசோத்தோ பீடபூமியில் விழுந்த பனியை வாரிக்கொண்டு வந்து நம் பக்கத்துச் செங்குத்து விளிம்பில் கொட்டுகிறது. எனவே கீழே முகாமில் ஒரு சாண் பனி இருந்தால், மேலே கணவாய்ப் பள்ளத்தில் இடுப்பளவு இருக்கலாம். காற்று குவித்த பனி இறுகிப் பலகையாகிவிடும். நடப்பவருக்கு அது உறுதியான தரையாகவே தோன்றும் என்பதுதான் சிக்கல். கைத்தடியை மெல்ல அழுத்தினால் முதலில் எதிர்த்து நின்று, பிறகு சட்டென்று பிடிப்பில்லாமல் உள்ளே இறங்கும். காலடியில் ‘தொம்’ என்று ஓசை கேட்டால் அடியடுக்கு நொறுங்கிவிட்டது, மேலுள்ள பலகை மொத்தமாகச் சரிந்து இறங்கலாம் என்று பொருள். 30 முதல் 45 டிகிரி வரையான சரிவில் அதற்குமேல் ஓர் அடியும் வைக்கக் கூடாது, அத்தகைய சரிவுக்கு நேர் கீழேயும் நிற்கக் கூடாது. உச்சியில் காற்றின் மறைவுப்பக்கமாகப் பனி கூரைபோல் நீண்டிருக்கும். படம் எடுக்க விளிம்புவரை போவோர் பாறைமேல் நிற்பதாகத்தான் நினைப்பார்கள்.

இப்படிப் பனிப்பலகை உடைந்து சரிவது பெரும்பாலும் புயலின்போதும் அதையடுத்த ஓரிரு நாள்களிலும் நிகழ்கிறது. வானம் வெளுத்த அந்த மறுநாளில்தான் எல்லோருக்கும் மலையேறும் ஆசை வருகிறது! வெயில் ஏறியதும் வடக்குச் சரிவுகளில் ஈரமான பனி, படுத்த புல்லின்மேல் வழுக்கி இறங்குவதும் உண்டு.

பனியில் புதைந்தவர் முதல் 15 நிமிடங்களுக்குள் மீட்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு அது வேகமாகச் சரிகிறது. அதற்குள் ஹெலிகாப்டர் வந்து சேராது. உடன் வந்தவர்கள்தான் தோண்ட வேண்டும். நம் குழுக்களிடம் தேடும் ரேடியோக் கருவியும் மண்வாரியும் அபூர்வம். அதனால் எங்கள் நண்பர்கள் வட்டத்தில், புயலுக்குப் பின் இரண்டு நாள்கள் கணவாய்ப் பாதைகளைத் தொடுவதில்லை. தாழ்ந்த முகடுகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.