பம்பர்ஸ் மேசைக்கும் பால் போத்தலுக்கும் நடுவே

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பகல் பராமரிப்பு நிலையங்கள் பலவும் ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீடுகள்தான். குடும்பம் இருக்கக் கட்டிய வீட்டில் குசினியில் ஒரு சிங்க், குளியலறையில் ஒன்று. பம்பர்ஸ் மாற்றும் மேசை இடம் கிடைத்த மூலைக்குப் போய்விடும், அநேகமாகக் குசினி வாசலோரம். மேசை, பிள்ளை பார்க்கும் அன்ரியின் கை, குசினிக் குழாய், பால் போத்தல்: ஒரு பிள்ளையின் வயிற்றோட்டம் நாலு பிள்ளைக்குப் போவது இந்த வழியால். பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் கைகழுவும் படம் ஒட்டினால் அந்த வழி அடைபடாது.

புதிதாக சிங்க் கட்டக் காசில்லையா? குழாய் பொருத்திய 20 லீட்டர் வாளியை மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள், கழிவுத் தண்ணீர் விழ இன்னொன்று. இரண்டுக்கும் மூடி வேண்டும். குசினி சிங்க் போத்தலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்.

பிள்ளையைக் கிடத்துமுன் எல்லாச் சாமானும் பக்கத்தில் இருக்க வேண்டும். நாலு மாதப் பிள்ளைகூடத் திடீரென்று புரண்டுவிடும், அதனால் ஒரு கை எப்போதும் பிள்ளையில். முன்னாலிருந்து பின்னாகத் துடைத்து, அழுக்கானதைச் சுருட்டிப் போட்டு, கையுறையைக் கழற்றிய பிறகே புதியதை எடுங்கள். அதிகம் நடக்கிற பிழை, அதே கையுறையோடு கிரீம் டப்பாவைத் திறப்பது. பிறகு அந்த டப்பாவால் தொற்று எல்லாருக்கும் பொதுவாகிவிடும். முடிவில் பிள்ளையின் கையையும் கழுவி, உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேயுங்கள்.

மேசைக்கு ப்ளீச் அடித்தவுடன் துடைத்தால் அடித்தும் பயனில்லை. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கைப் போக்குங்கள், மலம் இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். 5 சதவீத ப்ளீச்சில் 20 மில்லிலீட்டர் எடுத்து, மொத்தம் 1 லீட்டர் வரும்வரை தண்ணீர் விட்டால் 0.1 சதவீதக் கரைசல். அது 10 நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். அழுகிற பிள்ளையோடு 10 நிமிடம் யார் காத்திருப்பது? றெக்சின் மெத்தை இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊறியதை நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்திவிட்டே பிள்ளையைக் கிடத்தலாம். கரைசலை அன்றன்று காலையில் கலக்க வேண்டும். கழிவறை கழுவும் அசிட்டோடு ஒருபோதும் சேர்க்க வேண்டாம், நச்சுவாயு வரும்.

பால்மாவில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று பிழை. கொதித்தாறிய தண்ணீர்தான் பத்திரம் என்று காலையிலேயே ஆறவைத்துவிடுவோம். ஆனால் பால்மாத் தூளே கிருமியற்றதல்ல, குரோனோபக்டர் என்ற கிருமி அதில் இருக்கக்கூடும். அது சாக 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். கொதித்து 30 நிமிடத்துக்குள் கரைத்து, போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்த பால் வெளியே 2 மணித்தியாலம்வரை தாங்கும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

தாய்ப்பால் அறைச் சூட்டில் 4 மணித்தியாலம் தாங்கும் என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. கொழும்பு வெக்கைக்கு அதை நம்பாமல் வந்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே 4 பாகைக்கு மேல் போகாமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடாகும். ஒவ்வொரு போத்தலிலும் பிள்ளையின் பெயர், பால் எடுத்த திகதி, நேரம். ஒருவர் பாலை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் அது வெறும் கவனக்குறைவு என்று தப்பிக்க முடியாத விஷயம்.

அதே ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். பலர் அதைப் பார்த்ததே இல்லை. டெங்கு நுளம்பு விரும்பும் இடம் அது. ஏசித் தண்ணீர் வடியும் வாளியும் அப்படித்தான், மூடாத கைகழுவும் வாளியும் அப்படித்தான். முட்டை நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பக்கங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இந்த நுளம்பு கடிப்பது பகலில், அதுவும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் காலையிலும் கூட்டிப்போகும் பின்னேரத்திலும் கூடுதலாக. பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், தொங்கி முகத்தில் படாமல் இழுத்து.

கட்டிலுக்குள் விரிப்பு இறுக்கிய கெட்டி மெத்தை மட்டும். பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும். கடுகுத் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். ஏணையில்தான் தூங்குவான் என்று அம்மா சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வளைந்த துணியில் நாடி நெஞ்சில் அழுந்தி மூச்சு அடைக்கும். கழுத்துச் சங்கிலியில் பஞ்சாயுதம், அதாவது பிள்ளைக்குக் காவலாகப் போடும் தங்கப் பதக்கம், இருந்தால் தூங்கவைக்குமுன் கழற்ற வேண்டும். அது கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும், அறுந்தால் வாய்க்குள் போகும். சேர்க்கும் நாளிலேயே இதைச் சொல்லி, கழற்றியதைப் பெயர் எழுதிய உறையில் போட்டு, பின்னேரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் தங்கத்தைப் பற்றிய மனஸ்தாபம் வராது.