பதிமூணு கண் பாலமும் பெரியப்பாவின் ஜல்லியும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, எங்கள் வீட்டு மாடி அறையில், செங்கோட்டையிலிருந்து புறப்பட்ட வண்டி முதல்முறையாகத் தடம் புரளாமல் பதிமூணு கண் பாலத்தைக் கடந்து போனது. இன்ஜின் ஒன்று, பெட்டி நான்கு. ஒரு பெட்டி சரியாக ஒரு சாண் நீளம் இருக்கும். மாடல் ரயில்தான், ஆறு வருஷ வேலை இது. முதல் நான்கு வருஷம் நான் மட்டும், அப்புறம் இரண்டு வருஷம் இன்னும் இரண்டு பேர் துணையோடு.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதை, 1904இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது, 1956இல்தான் நம் பக்கம் வந்தது. பகவதிபுரம் தாண்டினால் ஆரியங்காவு குகை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இருட்டு, அதைத் தாண்டினால் காடு, பள்ளம், பாலம், மறுபடி குகை. கழுதுருட்டி பக்கத்தில் ரோட்டை ஒட்டியே நிற்கிறது பதிமூன்று வளைவுகள் கொண்ட கல் பாலம். 2010இல் மீட்டர்கேஜை, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதையை, நிறுத்தினார்கள், 2018இல் அகலப்பாதையாகத் திரும்ப வந்தது. பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி வைத்துக்கொண்டார்கள், அதற்கு அவர்களுக்குப் புண்ணியம். ஆனால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வளைவில் வண்டியின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் தெரிய நான் போன மீட்டர்கேஜ் வண்டி போய்விட்டது. அதைத் திரும்பப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எச்ஓ அளவில் செய்கிறேன், அதாவது நிஜத்தில் 87 மீட்டர் இங்கே ஒரு மீட்டர். செங்கோட்டை முதல் புனலூர் வரை இருக்கும் 49 கிலோமீட்டரை அப்படியே சுருக்கினாலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும், அதனால் எதை வைப்பது எதை விடுவது என்பதுதான் முதல் முடிவு. பாலம் நிஜத்தில் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், சுருக்கினால் சுமார் 1.2 மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு பக்கச் சுவரில் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. இன்னொரு வசதி, மீட்டர்கேஜ் இந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர், கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தண்டவாளம், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நம் அகலப்பாதையைச் செய்கிறவர்கள் பாடுதான் கஷ்டம், அதற்கு 19 மில்லிமீட்டர் வேண்டும், ரெடிமேடாகக் கிடைப்பதோ பதினாறரை.

இன்ஜின் மட்டும் வாங்கக் கிடைக்காது. டிடி என்பது இதே 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் இன்னொரு மாடல் அளவு. ஆறு அச்சு உள்ள பழைய ஜெர்மன் டிடி இன்ஜின் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே பிளாஸ்டிக் தகடு வெட்டி ஒய்டிஎம்4 என்ற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினின் உடம்பு கட்டினேன். அந்த ஒன்றுக்கே எட்டு மாசம். தனியாகச் செய்த அந்த எட்டு மாசத்தில் ஒரு நாள்கூட அலுக்கவில்லை. நெட்டில் கிடைத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கைப்பிடிக் கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

ஆனால் பலகை என்னைக் கைவிட்டது. சாதாரண பிளைவுட்டில் எல்லாவற்றையும் போட்டிருந்தேன். தென்காசியில் சாரல் சீசன் தொடங்கினால் வீட்டுக்குள் துணிகூடக் காயாது, பலகை என்ன செய்யும்? இரண்டாவது வருஷம் ஜூலையில் இரண்டு பலகைகள் சேரும் இடம் உப்பி, ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டது. நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் பதினேழு சென்டிமீட்டர் மேடு. எந்த வண்டி போகும்? மொத்தத்தையும் பிரித்து, மரைன் பிளைவுட் வாங்கி, இரண்டு பக்கமும் ஓரங்களிலும் பிரைமர் அடித்துத் திரும்பத் தொடங்கினேன். அந்தச் சாரலில்தான் இதை விட்டுவிடலாமா என்று நினைத்தது.

பெரியப்பா அதற்குப் பிறகு வந்தார். அந்தப் பாதையில் முப்பது வருஷம் கேங்மேனாக, தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஆளாக இருந்தவர். முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார் என்று நானே முடிவுகட்டி, அதுவரை அவரிடம் காட்டவே இல்லை. ஒரு பொங்கலுக்கு வந்தவர் தானே ஏறி வந்துவிட்டார். பாலத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "எல, பாலத்து மேல ஜல்லி எங்க?"

நான் பாலத்தின் மேல் வெறும் மரக்கட்டையில் தண்டவாளம் போட்டிருந்தேன். பாம்பன் மாதிரி இரும்பு கர்டர் பாலப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்.

"கர்டர் பாலத்துலதாம்ல வெறுங்கட்டை. இது கல்லுக் கட்டு. இதுக்கு மேல ஜல்லி கெடக்கும்லா. நாங்க எத்தன கூடை போட்டுருப்போம்."

எத்தனையோ படம் பார்த்தும் எனக்கு உறைக்காத விஷயம். வளைவுப் பாலத்தில் மேலே மண் நிரப்பி, அதன் மேல் ஜல்லி போட்டு, இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவருக்கு நடுவில்தான் பாதை போகும். சுமையைப் பரப்பிக் கல்லுக்குக் கடத்துவதே அந்த ஜல்லிதான். அடுத்தது வளைவைக் காட்டினார். வெளித் தண்டவாளம் உள்ளதைவிட உயர்ந்திருக்க வேண்டும், கேன்ட் என்பார்கள், என்னுடையதில் இரண்டும் சமம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையின், சிலீப்பரின், வெளிமுனைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் அட்டை செருகினேன். வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து போவதைப் பார்த்ததும் அந்த ஜன்னல் ஓரம் ஞாபகம் வந்துவிட்டது.

ஜல்லி போடும் வேலை இப்படி. ஆற்றுமணலைக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, ஒரே அளவு குருணையை மட்டும் எடுப்பேன். அப்புறம் அதன் மேல் காந்தத்தை ஓட்ட வேண்டும். நம் மணலில் கறுப்பாக இரும்புத் தூள் இருக்கும், இன்ஜின் மோட்டாரில் காந்தம் இருக்கிறது, ஒரு துகள் உள்ளே போனாலும் மோட்டார் அரைபட்டுவிடும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மூன்று தடவை ஓட்டினால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மணலைப் பரப்பி, பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவே தள்ளி, பாதி தண்ணீர் பாதி ஃபெவிகால் கலந்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, டிராப்பரில் ஒவ்வொரு சொட்டாக. அந்த லிக்விட் இல்லையென்றால் சொட்டு மணலில் இறங்காமல் உருண்டையாக நிற்கும். ஒரு ராத்திரிக்கு ஒரு முழ நீளம் முடியும். பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, "ஓரத்துல சரியுது, அணைச்சு விடு" என்று நிஜக் கேங்கை வேலை வாங்கும் குரலில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்னொரு துணை கீழ்வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு. ஒயரிங் என்பது ஒற்றை ஆள் வேலையே இல்லை. மேலே தண்டவாளத்தில் பற்றவைத்த ஒயர் பலகைத் துளை வழியாகக் கீழே இறங்கும், எது எது என்று பார்க்க ஒருத்தர் மேலே, ஒருத்தர் பலகைக்கு அடியில் இருக்க வேண்டும். நான்கு வருஷம் நான் மேலே டெஸ்டரை வைத்துவிட்டு அடியில் தவழ்ந்து போய், திரும்ப எழுந்து வந்து, ஒரு ஒயருக்கு இருபது நிமிஷம் ஆக்கினேன். அவள் டார்ச்சோடு அடியில் புகுந்து, "மாமா, சிவப்பு மூணாவது துளை" என்று குரல் கொடுக்க, ஒரே மத்தியானத்தில் முப்பத்திரண்டு ஒயர் முடிந்தது. யார்டில் ஆறு மாசமாக என்னை அலைக்கழித்த ஷார்ட்டைக் கண்டுபிடித்ததும் அவள்தான், இரண்டு ஒயர் மாறி மாட்டியிருந்தேன்.

அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர், மாண்டரேயில் தன் வீட்டில், பல வருஷம் உழைத்து ஒரு மலை ரயில் உலகத்தையே கட்டினார். மாடல் ரயில் செய்கிற எல்லாரும் அந்தப் படங்களைப் பார்த்து ஏங்கியிருப்பார்கள். 1973 ஜனவரியில் அவர் இறந்தார், சில நாட்களிலேயே அது தீயில் போய்விட்டது. தனி ஆளாகக் கட்டியதற்குப் பேர்போன அவரும் வண்டி ஓட்டுவதற்கு நண்பர்களைக் கூப்பிட்டுக்கொள்வார், பெரிய லேஅவுட்டை ஓட்ட நிறையக் கை வேண்டும். தனியாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இன்ஜின், பெட்டி, பெயின்ட் எல்லாம் தனியாகச் செய்யுங்கள், அது உங்கள் சந்தோஷம். ஒயரிங்குக்கு ஆள் கூப்பிடுங்கள். அந்தப் பாதையில் வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால் முதல் பலகையை அறுப்பதற்கு முன்னாலேயே கூப்பிடுங்கள். நான் நான்கு வருஷம் தாமதித்தேன்.

ஞாயிறு ராத்திரி வண்டி பாலத்தைத் தாண்டிக் குகைக்குள் போனதும் கீழ்வீட்டுப் பெண் கைதட்டினாள். பெரியப்பா கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பின்னால தள்ளுத இன்ஜின் எங்கல?"

மலை ஏறும் வண்டிக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் உண்டு, எனக்கும் தெரியும், ஒன்று செய்யவே எட்டு மாசம் ஆனதால் விட்டிருந்தேன். நேற்று பிளாஸ்டிக் தகடு ஆர்டர் போட்டாயிற்று.