கப்புக்காக ஊர் மாறுனவங்க

மேட்டூர் டேமுக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம்னு இன்னொரு பேரு இருக்கறது இங்க டெல்டா பக்கம் பாதி பேருக்குத் தெரியும். 1934ல வேலை முடிஞ்சப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்த ஜார்ஜ் ஸ்டான்லி பேரத்தான் வெச்சாங்க. அந்த ஆளோட அப்பா கனடால கவர்னர் ஜெனரலா இருந்தவரு, 1892ல ஐஸ் ஹாக்கிக்குன்னு ஒரு வெள்ளிக் கிண்ணத்த குடுத்துட்டுப் போனாரு, இன்னிக்கு வரைக்கும் அமெரிக்கா, கனடா டீமுங்க ஆடுற என்எச்எல் லீக்ல ஜெயிக்கிறவங்க தூக்கிப் புடிக்கிற ஸ்டான்லி கப்புங்கறது அதுலேர்ந்து வந்ததுதான். அப்பன் பேர்ல கப்பு, புள்ள பேர்ல டேமு. ரெண்டுக்கும் ஜூன் மாசந்தான் கெடு வேற.

டொரன்டோல இருக்கிற அத்தை பையன் இதைச் சொன்னப்ப ரீல் வுடுறாருன்னு நெனச்சேன், தேடிப் பாத்தா நெசம், அன்னிக்குப் புடிச்ச கிறுக்குதான் இது. அங்க ராத்திரி எட்டு மணி மேட்ச்சுன்னா நமக்கு காலைல அஞ்சரை. போர் செட்டு பக்கத்துல கயித்துக் கட்டில போட்டு செல்லுல ஓட வுட்டுட்டு உக்காந்துருவேன். 2024ல ஜூன் 12 மேட்டூர் திறக்கல, தண்ணி இல்ல, ஊரே மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு கெடந்துச்சு, அந்த நேரத்துல எட்மன்டன் டீம் மூணு மேட்ச் தோத்து அப்பறம் மூணு ஜெயிச்சு ஏழாவது மேட்ச்ல 2-1ன்னு ப்ளோரிடாகிட்ட விட்டாங்க பாருங்க, எனக்கு எந்த சோகம் எதுக்குன்னே புரியல. அந்த வருச நாக் அவுட் சுத்து மொத்தத்துக்கும் பெஸ்ட் ப்ளேயர் அவார்டு தோத்த டீம்ல இருந்த கானர் மெக்டேவிட்டுக்குத்தான் குடுத்தாங்க. மனுசன் வாங்கவே வெளில வரல.

மச்சான் அன்னிக்கே வாட்ஸப்ல போட்டாரு, "பாத்தியா மாப்ள, இவனுகளுக்கு கப்புதான் மொதல்ல, காசு, பொண்டாட்டி, புள்ள, ஊரு எல்லாம் அதுக்கு அப்பறந்தான்." கோடிக்கணக்குல வாங்கறவன் காசு பெருசில்லன்னு சொல்றது சுலபம் மச்சான்னு நான் போட்டேன். அந்த வழக்கு இன்னும் முடியல.

அவரு பக்கமும் நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. என்எச்எல்ல சம்பளம் ரெகுலர் சீசனோட முடிஞ்சுபோவும், கப்பு வேணும்னா அதுக்கு மேல ரெண்டு மாசம் நாக் அவுட் சுத்துல 16 மேட்ச் ஜெயிக்கணும், அதுக்கு வர்றது லீக் பிரிச்சுக் குடுக்கிற போனஸ் பணந்தான், இவங்க வாங்குற சம்பளத்துக்கு முன்னாடி அது டீ செலவு மாதிரி. ஆனா ஒடம்ப ஒடச்சுக்கிறது அந்த ரெண்டு மாசத்துலதான். 2013 பைனல்ல பாஸ்டனோட பெர்ஜெரான் விலா எலும்பு ஒடஞ்சு, தோள்பட்டை நழுவி, நுரையீரல்ல ஓட்டை விழுந்து ஆடுனாரு. ஆடி தோத்தாங்க.

அப்பறம் 2025 அக்டோபர்ல மெக்டேவிட் எட்மன்டன்லயே இருக்கேன்னு கையெழுத்து போட்டாரு, வருசத்துக்கு 12.5 மில்லியன் டாலர், முன்னாடி வாங்குன அதே சம்பளம். அதுக்குச் சில நாள் முன்னாடிதான் மின்னசோட்டால கப்ரிசோவ் வருசத்துக்கு 17 மில்லியன்னு எட்டு வருசத்துக்கு முடிச்சிருந்தாரு. மெக்டேவிட் அதுக்கு மேலயே கேட்டிருக்கலாம், யாரும் வாயத் தெறந்திருக்க மாட்டாங்க. ஏன் கேக்கலன்னா அங்க ஒரு டீமு மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு உச்சவரம்பு இருக்கு, 2025-26க்கு 95.5 மில்லியன், நம்ம நில உச்சவரம்பு மாதிரிதான், ஆனா பினாமி பேர்ல எழுத முடியாது. இவரு கம்மியா வாங்குனா மிச்சத்துல இன்னொரு நல்ல ஆள வாங்கலாம். மச்சான் குதிச்சாரு, பாத்தியா கப்புக்காக காச விட்டாருன்னு. ஆமா மச்சான், ஆனா எத்தனை வருசத்துக்குப் போட்டுருக்காருன்னு பாருங்க, ரெண்டே வருசம். விசுவாசம்னா விசுவாசந்தான், ஆனா ரெண்டு போகம் பாத்துட்டு வரப்ப விட்டு எறங்கிடுவேன்னு சொல்ற குத்தகை விசுவாசம் இது.

இதுல எனக்கு ஆகாத ஒண்ணு இருக்கு. காசுக்காகப் போறவன ஊரு திட்டும், ஒரு வருசத்துல மறந்துரும். கப்புக்காகப் போறவனத்தான் மறக்காது. ஏன்னா அவன் சொல்லாம சொல்றது "உங்கள வெச்சுக்கிட்டு ஜெயிக்க முடியாதுடா"ங்கறது. 

இது எனக்கு ஐஸ் ஹாக்கில தெரிஞ்சதில்ல, எங்க சித்தப்பா கதையில தெரிஞ்சது. நீடாமங்கலத்துக்கு தெக்கால எங்க ஊரு, எங்க கபடி டீம்ல சித்தப்பாதான் பாடிப் போற ஆளு, எடது கை சுண்டு விரல் இன்னிக்கும் நேரா நிக்காது. வருசா வருசம் பொங்கல் கழிச்சு நடக்குற தொடர் போட்டில எங்க ஊரு அரை இறுதி வரைக்கும் வரும், அங்க விழும், கார்னர் புடிக்க ஆள் கெடையாது. ஒரு வருசம் பக்கத்து ஊர்க்காரங்க கூப்ட்டாங்க. போயிட்டாரு. எங்க ஊரோடயே மேட்ச் விழுந்துச்சு, ட்யூப் லைட் வெளிச்சத்துல, மைக்ல எங்க ஊரு பேரச் சொல்லி "அந்த ஊரின் சிங்கம், இன்று இந்த ஊரின் சிங்கம்"னு ஒருத்தன் வேற கத்துறான், சித்தப்பா ஒரே பாட்டுல மூணு பேரத் தொட்டுட்டு வந்தாரு. ஜெயிச்ச கப்ப, கூட ஆடுன பசங்க கல்யாணம் ஆவப்போற ஆளுன்னு இவர்கிட்டயே குடுத்துட்டாங்க. அத எடுத்துட்டு வீட்டுக்கு வந்தா, ஊருக்கு எதுத்து ஆடி வாங்குன ஏனத்த நடு வீட்டுல வெக்காதன்னு அப்பாயி ஒரே வார்த்தைல முடிச்சிருச்சு. எத்தன ஆயிரம் வாங்குனன்னு டீக்கடைல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவரு வாங்குனது பஸ் காசும் ரெண்டு பரோட்டாவும். அதைச் சொன்னா யாரும் நம்பல, நம்புன ஒண்ணு ரெண்டு பேருக்கு கோவம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. காசுக்காவது போயிருக்கலாமேடான்னாங்க.

மேரியன் ஹோசா கதை அப்படியே இதுதான். 2008ல பிட்ஸ்பர்க்குக்கு ஆடி டெட்ராய்ட்கிட்ட பைனல் தோத்தாரு. பிட்ஸ்பர்க்குல பல வருசத்துக்கு காசு தர்றேன்னாங்க, வேணாம், டெட்ராய்ட்லதான் கப்பு ஜெயிக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டு ஒரே ஒரு வருசத்துக்கு அங்க போனாரு. அடுத்த வருசம் பைனல் அதே ரெண்டு டீமு, ஏழாவது மேட்ச் வரைக்கும் போயி பிட்ஸ்பர்க் ஜெயிச்சுது. கை குலுக்குற வரிசைல நின்ன அந்த மூஞ்சிய நெனச்சுப் பாருங்க. அப்பறம் சிகாகோல 12 வருச ஒப்பந்தம் போட்டு மூணு கப்பு ஜெயிச்சது வேற கதை, ஆனா பிட்ஸ்பர்க் பக்கம் இன்னும் 2009 பேச்சுத்தான்.

பால் கரியா இன்னும் பாவம். அனஹைம்ல 10 மில்லியன் வாங்கிட்டு இருந்த ஆளு 2003ல 1.2 மில்லியனுக்கு கொலராடோ போனாரு, கூட்டாளி செலானியும் கொறைச்சுக்கிட்டு அங்க போனாரு, ரெண்டாவது ரவுண்டுலயே வெளில. செலானி அனஹைமுக்கே திரும்பிப் போயி 2007ல ஜெயிச்சாரு. கரியா கடைசி வரைக்கும் ஜெயிக்கல. விட்டுட்டு வந்த வயல்லதான் வெளைஞ்சுது.

குடும்பம்னு பாத்தா எனக்குப் புடிச்ச ஆளு ஸ்காட் நீடர்மேயர்தான். நியூ ஜெர்சில மூணு கப்பு ஜெயிச்சுட்டு, அவங்க ஜாஸ்தி குடுக்கறேன்னும் கேக்காம 2005ல தம்பி ராப் ஆடுற அனஹைமுக்குப் போனாரு. 2007ல கேப்டனா கப்ப வாங்கி நேரா தம்பி கைல குடுத்தாரு. மச்சான் இதையும் கப்பு கணக்குலயே எழுதப் பாக்குறாரு. போன எடத்துல கப்பு வந்துச்சுங்கறதுக்காக கப்புக்குப் போனாருன்னு ஆவுமா? பொண்ணு பாக்கப் போன ஊர்ல வேலை கெடச்சா வேலைக்குப் போனேன்னு சொல்லுவோமா?

ஜான் டவரேஸ் சின்ன வயசுலேர்ந்து டொரன்டோ டீம் பெட்ஷீட்ல படுத்து வளந்தவரு, 2018ல சொந்த ஊர் டீமுக்கு வந்துட்டாரு, பழைய டீம் ரசிகருங்க அவரு அங்க திரும்ப ஆடப் போனப்ப ரப்பர் பாம்ப தூக்கி எறிஞ்சாங்க. டொரன்டோ 1967க்கு அப்பறம் கப்ப பாக்கவே இல்ல. கப்புக்கு ஆசப்பட்டவன் போற எடமா அது? (மச்சான் டொரன்டோ ரசிகர், இந்த வரிக்கு ரெண்டு நாள் பேச மாட்டாரு.)

போன வாரம் சித்தப்பாவுக்கு ஒரு வீடியோ காமிச்சேன். பாஸ்டன்ல 21 சீசன் ஆடியும் கப்பு கெடைக்காத ரே போர்க்க 2000ல கொலராடோ அனுப்புனாங்க, 2001ல ஜெயிச்சாங்க. கேப்டன் ஜோ சாக்கிக் கைல கப்பு வருது, மொதல்ல கேப்டன்தான் தூக்கிக் காட்டணும், அதான் வழக்கம், அந்த ஆளு தூக்காம அப்படியே போர்க் கைல குடுத்துட்டாரு. நாப்பது வயசு மனுசன், கண்ணு கலங்கிப்போயி தலைக்கு மேல தூக்குறாரு. சித்தப்பா செல்ல வாங்கி மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு தடவ பாத்தாரு.

"பழைய ஊர்க்காரன் யாரும் திட்டலையா?"

"இல்ல சித்தப்பா. கப்ப எடுத்துக்கிட்டு பாஸ்டனுக்கே போனாரு, இருவதாயிரம் பேரு கூடிக் கொண்டாடுனாங்க."

"அது சரி" ன்னாரு. செத்த நேரம் கழிச்சு, "அந்தக் கப்ப எத்தன நாளு வீட்ல வெச்சுக்கலாம்?"

"ஆளுக்கு ஒரு நாளு."

"ஒரே நாளா?" கொல்லைப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. சித்தி கைப்புடி ஒடஞ்ச கப்பால குருணை அள்ளி கோழிக்கு எறைச்சுக்கிட்டு இருந்துச்சு. "நம்மளுது இருவது வருசமா வேலை செய்யுதுடா."