கையிருப்பில் ஏழு விநாடி

கோவையில் ஒரு பண்பலை நிலையத்தில் சில வருடம் கன்சோலில் உட்கார்ந்திருந்தேன். நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சி என்றால் ஏழு விநாடி டிலே போட்டுவிடுவோம். ஸ்டூடியோவில் பேசுவது ஏழு விநாடி கழித்துத்தான் ரேடியோவில் கேட்கும். யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டால், அது வெளியே போவதற்குள் டம்ப் பட்டனை அழுத்திவிடலாம்.

ஆனால் அந்தப் பட்டனுக்குக் கெட்ட வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுக்கத் தெரியாது. கையிருப்பில் இருக்கும் ஏழு விநாடியையும் மொத்தமாகத் தூக்கிவிடும். ஒருநாள் காங்கயத்துப் பெரியவர் ஒருவர் அன்றைய கொப்பரை விலையைச் சொன்னார். சொன்ன கையோடு வியாபாரிகளை ஒரு வார்த்தை திட்டினார். அழுத்தினேன். திட்டோடு விலையும் போய்விட்டது. "ஏனுங்க, அவரு என்ன வெலைன்னு சொன்னாருங்க?" என்று அடுத்த அரைமணி நேரம் போன் ஓயவில்லை. விலையை விட்டுவிட்டுத் திட்டை மட்டும் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கே!

அழுத்திய பிறகுதான் உண்மையான பயம். கையிருப்பு காலி. பேச்சைக் காது கண்டுபிடிக்காத அளவுக்கு இழுத்து இழுத்து, மெஷின் மறுபடி ஏழு விநாடியைச் சேர்க்க வேண்டும். அதுவரை பட்டன் இருந்தும் இல்லாத கணக்குதான். அந்த நேரத்தில் அறிவிப்பாளர் ஒரு பாட்டைப் போட்டால் அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றும்.

வெளியிடத்திலிருந்து நேரலை என்றால் தொல்லை வேறு மாதிரி. மருதமலைத் தைப்பூசக் கூட்டத்தில் நிற்கும் அறிவிப்பாளரின் ஹெட்போனில் அவர் குரலே கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தால் நாக்கு குழறிவிடும். ஏழு விநாடி தள்ளி வந்தால்கூட யாரோ பேசுகிறார்கள் என்று விட்டுவிடலாம். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி வந்தால் நல்ல பேச்சுக்காரரும் திக்குவார். அதனால் அவர் குரலை மட்டும் கழித்துவிட்டு மீதி ஒலியை அவருக்கு அனுப்புவோம்.

நேயர்களிடம் அந்த வித்தையெல்லாம் செல்லாது. அவர்கள் ரேடியோ அவர்கள் வீட்டில். உடுமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். பேர் கேட்டால் பதில் இல்லை. பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தன் குரல் வரக் காத்திருக்கிறார்.

"அம்மா, ரேடியோவைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கம்மா."

"அப்புறம் நான் பேசறதை நான் எப்படிங்க கேக்கறது?"

நியாயமான கேள்வி. விதி விதிதான், குறைக்கச் சொன்னோம். குறைத்தார். நாலு வார்த்தை பேசினார், பாட்டு கேட்டார். கடைசியில் நான் ஒன்று சொன்னேன்: "போனை வச்ச உடனே சத்தத்தைக் கூட்டுங்கம்மா."

"சரிங்க தம்பி, வெச்சுடறனுங்க" என்றார். ஏழு விநாடி கழித்து அதே "வெச்சுடறனுங்க" ரேடியோவில் போனது. உடுமலையில் அதைக் கேட்க ஆள் இருந்திருக்கும்.