கிளப் வழியாக ஒரு ஹுக்கர்

அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் மாகாணத்தில் ரக்பி ஆடும் பையன் மேலே போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பள்ளிக்கூடம், இன்னொன்று ஊர் கிளப். கில்டேர் பக்கம் குடிவந்த எங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பனோடு விளையாடப் போகிறேன் என்றான் என் பையன், காரில் கொண்டுபோய் விட்டோம், அவ்வளவுதான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான மாகாண கிளப் அணியில் அவனுக்கு இடம் கிடைத்தது எப்படி என்று நம்மவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வழிதான் ராஜபாட்டை. லெய்ன்ஸ்டர் பள்ளிகள் சீனியர் கோப்பை 1887-லிருந்து நடக்கிறது. பிளாக்ராக் காலேஜ் என்கிற ஒரே பள்ளி அதை 70 தடவைக்கு மேல் வாங்கியிருக்கிறது. இந்தப் போட்டியில் கொடிகட்டிப் பறக்கும் பள்ளிகள் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ கட்ட வேண்டும். என் பையன் படித்தது ஊரிலுள்ள இலவசப் பள்ளி. அங்கே அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் ஃபுட்பால்தான் எல்லாம், ரக்பி பெயருக்குத்தான். ஆகவே கிளப்.

அப்படி வந்தவர்கள் இல்லாமல் இல்லை. உலகத்தின் தலைசிறந்த டைட்ஹெட் ப்ராப்களில் (முன்வரிசையில் வலது பக்கம் நின்று முட்டித் தள்ளுகிறவர்) ஒருவரான டைக் ஃபர்லாங் வெக்ஸ்ஃபோர்டில் நியூ ராஸ் கிளப் பையன். ஷான் ஓ'பிரையன் கார்லோவில் டல்லோ கிளப். இங்கே பக்கத்திலேயே நேஸ் கிளப்பிலிருந்து ஜேமி ஆஸ்போர்ன். 2024 ஜூலையில் பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத்தான் அவருக்கு அயர்லாந்து அணியில் முதல் ஆட்டம், அதிலேயே ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்தார். கிளப் கோச்சுகள் எல்லாரும் இந்த மூன்று பெயர்களையும் ஜபம் மாதிரி சொல்வார்கள்.

கிளப் வழியில் முதல் வாசல் ஷேன் ஹோர்கன் கோப்பை. லெய்ன்ஸ்டருக்கும் அயர்லாந்துக்கும் விங், அதாவது ஓரத்தில் ஓடும் இடத்தில், ஆடியவர் பெயரில் நடப்பது. மாகாணத்தை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கிளப் பையன்களைச் சேர்த்து வயதுவாரியாக அணி கட்டுவார்கள். எங்களுக்கு நார்த் மிட்லண்ட்ஸ். இந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் மாகாண அணிக்கு ஆள் எடுப்பார்கள். இதற்கு அப்பா அம்மா விண்ணப்பம் போடும் வேலையெல்லாம் இல்லை, கிளப் கோச் பெயர் கொடுக்க வேண்டும். மழையிலும் பயிற்சிக்கு வருகிறவன் யார், தோற்ற ஆட்டம் முடிந்ததும் கோன்களைப் பொறுக்கி வைக்கிறவன் யார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு எந்த ஃபாரத்திலும் இல்லை, ஆனால் செல்லும்.

இவன் ஆடும் இடம் ஹுக்கர், சட்டை எண் 2. இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுகிற ஸ்க்ரம்மில் முன்வரிசைக்கு நடுவில் நிற்பவன். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் அதை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்குகிற லைன்-அவுட்டில் பந்து எறிகிறவனும் அவன்தான். இந்த எறிதலில்தான் பல ஹுக்கர்கள் கழிந்து போகிறார்கள். இரண்டு அணி வரிசைக்கும் நடுவே பந்து நேராகப் போக வேண்டும். தோழர்கள் காலைப் பிடித்து மேலே தூக்கிய ஜம்பரின் கைக்கு, அவன் உச்சியில் இருக்கிற அந்த நொடியில் போய்ச் சேர வேண்டும். எதிரணியும் பந்துக்குக் குதித்திருந்தால், கொஞ்சம் சாய்ந்தாலும் விசில். வீட்டுக்குப் பின்னால் நான் துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவன் துடைப்பத்தைக் குறிவைத்து எறிவான். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதனால் கொட்டகை விளக்கைப் போட்டுக்கொள்வோம். காய்ந்த பந்தில் நன்றாக எறிந்துவிடுகிறான் என்று தெரிந்ததும் கோச் சொன்னது, "இனிமேல் பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு எறியச் சொல்லுங்கள்." அந்தக் குளிர்காலம் முழுக்க என் சட்டைக்கை நனைந்தே இருந்தது.

என் மனைவி நர்ஸ். அவளுக்கு எறிதல் பற்றிக் கவலை இல்லை, கழுத்தைப் பற்றித்தான். பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட ஆட்டங்களில் ஸ்க்ரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்று விதி இருப்பதை எடுத்துக் காட்டினேன். "ஒன்றரை மீட்டர் போதும் கழுத்து ஒடிய" என்றாள். சரி, அதற்குப் பதில் இல்லை. ஜிம்முக்கு அவன் போகும்போதெல்லாம் கழுத்துக்கான பயிற்சி செய்தானா என்று கேட்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

அவள் பயந்தது கழுத்துக்கு, வந்தது தலைக்கு. வட்டாரப் போட்டிகள் தொடங்கும் நேரத்தில் ஒரு கிளப் ஆட்டத்தில் எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டுக் கன்கஷன், அதாவது அடியால் மூளை அதிர்வது. சந்தேகம் வந்தாலே வெளியே எடு என்பது இங்கே பால பாடம். ஆட்டத்துக்குத் திரும்ப, இருபது வயது வரை உள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் 23 நாள். தலைவலி இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று இவன் எவ்வளவு சொன்னாலும் நாள் குறையாது. முதல் வட்டார ஆட்டம் போனது. அவன் இடத்தில் ஆடிய பையன் அருமையாக எறிந்தான், அதையும் கோட்டோரம் நின்று பார்த்தோம். உள்ளூரில் ஒரு பெற்றோர், "டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாமே" என்று காதைக் கடித்தார். இந்த மாதிரி ஆலோசனை உங்களுக்கும் வரும். காதில் வாங்காதீர்கள். எங்கள் கோச் ஒரே வார்த்தையில் முடித்தார்: "தேர்வாளர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அவன் வரட்டும், அவசரமில்லை." கடைசி ஆட்டத்தில் பாதி நேரம் இறக்கினார்கள், காற்று குறுக்கே அடித்த அன்றைக்கு இவன் எறிந்தது எதுவும் சாயவில்லை. மாகாணப் பயிற்சிக்கு அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. கோடை முழுக்கப் பயிற்சி, நடுநடுவே ஆள் குறைப்பு, அப்புறம்தான் அணி. மற்ற மாகாணங்களான மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் கிளப் பையன்களோடு ஆட்டங்கள் கோடை முடிகிற சமயத்தில்.

திருநெல்வேலியிலிருந்து அப்பா போனில் கேட்டார், "ஏடே, அந்த நாட்டுக்காரங்க நம்ம பயலை ஆட விடுவாங்களா?" விடுவார்கள். உலக ரக்பி விதிப்படி ஒரு நாட்டில் பிறந்தாலே அந்த நாட்டுக்கு ஆடலாம். வேறு நாட்டில் பிறந்து வந்த பிள்ளை என்றால், தொடர்ந்து 60 மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். குடியுரிமை தனிக் கதை: 2005-லிருந்து இங்கே பிறந்த குழந்தைகளுக்கு அது தானாக வந்துவிடாது, பெற்றோர் இங்கே வசித்த ஆண்டுகளைப் பார்ப்பார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மாகாண அணியில் ஆடிவிட்டால் அகாடமி (தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கும் மாகாணப் பயிற்சிக்கூடம்) நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்னால் சப்-அகாடமி, அதைத் தாண்டி அகாடமி, வழக்கமாக மூன்று வருடம். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம் என்கிற பேச்சு. பள்ளிக்கூட வழியில் வருகிறவர்களும் இதே வாசலில்தான் வந்து நிற்பார்கள், இடம் விரல்விட்டு எண்ணுகிற அளவு. எங்களுக்கு அந்த வருடம் அழைப்பு வரவில்லை. அதற்குள் பள்ளி இறுதிப் பரீட்சையான லீவிங் செர்ட் வந்து, நல்லவேளை, வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் பண்ணியது.

கதவு அதோடு சாத்தப்படவும் இல்லை. பெரியவர்கள் கிளப்புகள் ஆடும் அகில அயர்லாந்து லீக்கில் ஐந்து பிரிவுகளில் 50 கிளப்புகள் இருக்கின்றன, மாகாணத் தேர்வாளர்கள் அங்கேயும் வருவார்கள். இன்றைய அயர்லாந்து ஹுக்கர் டேன் ஷீஹனும் பள்ளி முடித்து டப்ளின் டிரினிட்டி காலேஜ் அணிக்கு ஆடியவர்தான். இவன் இப்போது டப்ளினில் படித்துக்கொண்டே ஒரு லீக் கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடுகிறான். பெரியவர்கள் ஆட்டம், 1.5 மீட்டர் வரம்பெல்லாம் கிடையாது. போன வாரம் எதிரே நின்ற ப்ராப்புக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், முதல் ஸ்க்ரம்மிலேயே இவர்களைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு அந்த வீடியோவை இன்னும் காட்டவில்லை.